மாட்டு டாக்டர் மகள்

ஜூன் 13, 2025 – வெள்ளி

காலை முழுக்கச் சினை ஊசி. ஒரு எருமை என் கால் மேல் ஏறி நின்றுவிட்டது. கட்டைவிரல் நகம் கறுத்துப்போயிருக்கிறது.

சாயங்காலம் மருந்தகத்துக்குப் பின்னால் இருக்கும் பள்ளிக்கூடம். விடுமுறை கழிந்து முதல் வெள்ளி வகுப்பு. தலைமையாசிரியை எலிசபெத் டீச்சர் இதை ஆரம்பித்தபோது சொன்னது ஞாபகம் இருக்கிறது: "உடம்பு பத்திப் பிள்ளைங்க கேக்குத கேள்விக்கு எங்களுக்கு வாய் வரமாட்டேங்கு சார். நீங்க மாட்டு டாக்டர். உங்களுக்கு ஏது கூச்சம்?"

கோழிக்குத் தொப்புள் உண்டா என்று ஒருத்தி கேட்டாள். உண்டு, பொரித்த அன்றைக்குக் குஞ்சைக் கையில் எடுத்து வயிற்றைப் பார், மஞ்சள் கரு உள்ளே போன இடத்தில் சின்ன வடு இருக்கும் என்றேன். அப்புறம் ஒரு பையன், பக்கத்தில் இருந்தவன் தள்ளிவிட, எழுந்து நின்று, "சார், ஆம்பளைக்கு எதுக்கு மாரு?" என்றான். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து சொன்னேன். அம்மா வயிற்றுக்குள் முதலில் ஆணும் பெண்ணும் ஒரே மாதிரிதான் உருவாகிறது. இரண்டுக்கும் வேண்டியதெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். அப்புறம்தான் ஒன்று வளரும், ஒன்று கரையும்.

ஆறாம் வகுப்பு பேச்சி, மாரிசெல்வத்தின் மகள், கையைத் தூக்கினாள். "கரையக் கூடாதது கரைஞ்சு போச்சுன்னா சார்?"

அபூர்வமாக அப்படியும் ஆகும் என்றேன். அதற்குள் மணி அடித்துவிட்டது.

வீட்டில் மகள் விஜியிடம் சொன்னேன். கோழித் தொப்புளுக்கு அப்படிச் சிரித்தாள். இவள் கேட்காததா? நாலு வயதில் ஒரு பசு கன்று ஈனுவதைப் பார்க்க என்னோடு வந்தவள், "கன்னுக்குட்டி உள்ள இருக்கும்போது ஒண்ணுக்கு எங்கப்பா போவும்?" என்று கேட்டாள். எனக்கு அதற்குப் பதில் தெரிந்திருந்தது என்பதில் இன்றுவரை ஒரு பெருமை.

படுக்கப் போகுமுன் அவள் அம்மா பிரமு, "அவளுக்குப் பதினாறு நடக்கு. நீங்க சிரிச்சுக்கிட்டே இருங்க" என்றாள்.

ஜூன் 17

மாரிசெல்வத்தின் இளம்பசு, செவலைக் கிடேரி. தவறாமல் சூட்டுக்கு வருகிறது, சினை மட்டும் நிற்கவில்லை. ஊசி போட்டதெல்லாம் நான்தான். இன்றைக்கு நிதானமாகக் கையை விட்டுச் சோதித்தேன். முட்டை உருவாகும் சூல்பை இரண்டும் நன்றாக இருக்கின்றன. கருப்பை இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் நாடா மாதிரி ஏதோ விரலில் தட்டுப்பட்டது, அவ்வளவுதான். படிக்கிற காலத்தில் புத்தகத்தில் பார்த்தது. கையால் தொட்டது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"என்ன செய்யட்டும் டாக்டரய்யா?" என்றான் மாரிசெல்வம்.

"இது தேறாது. தீனி போட்டு என்னத்துக்கு? அனுப்பிரு."

சாப்பிடும்போது விஜிக்குத் தட்டில் விரலால் படம் போட்டுக் காட்டினேன். "சூல்பை இருக்கதாலதான் சூட்டுக்கு வருதாப்பா? வெளிய பாத்தா தெரியாதா?" என்று கேட்டாள். வெளியே பார்த்தால் அழகான கிடேரி என்றேன். பிரமு சாம்பார் வாளியை டொக்கென்று வைத்தாள். "சோத்துத் தட்டுலயா இதெல்லாம்?"

ஜூன் 22 – ஞாயிறு

அம்பாசமுத்திரத்திலிருந்து பிரமுவின் அண்ணன் திருஞானசம்பந்தமும் அவர் வீட்டம்மாவும் வந்தார்கள். உரக்கடை வியாபாரம், மகனின் இன்ஜினியரிங் படிப்பு, எல்லாம் பேசி முடித்துவிட்டு அவர் கேட்டார்: "என்ன மாப்ளே, மருமக இன்னும் பெரியவளாகலியா? சீர்த் தட்டு வாங்கி வச்சு அது கறுத்துப் போவுது."

காபி கொண்டுவந்த விஜி தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அதன் பிறகு வெளியே வரவில்லை.

அவர்கள் போனதும் பிரமு சமையலறையில் நின்று சொன்னாள்: "இனிமேயும் சில பேருக்குப் பைய வரும்னு சொல்லாதீங்க. டாக்டர்ட்ட போவோம்."

ஜூன் 28 – சனி

வண்ணார்பேட்டை. ஸ்கேன். விஜி தண்ணீரைக் குடித்துவிட்டு, அடக்க முடியாமல், நாற்காலி நுனியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். பிரமு அவளோடு உள்ளே போனாள்.

பிறகு என்னை மட்டும் கூப்பிட்டார்கள்.

படத்தைப் பார்க்க எனக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஜூன் 29

அனுப்பிரு என்று சொன்னேன். என்ன வாய் இது.

ஜூலை 2

பாளையங்கோட்டையில் டாக்டர் ஞானசௌந்தரியைப் பார்த்தோம், நானும் பிரமுவும் மட்டும். விஜியைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டோம்.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "பொண்ணு பொண்ணுதான். சூல்பை வேலை செய்யுது, வளர்ச்சி எல்லாம் சரியா இருக்கு, சிறுநீரகமும் நல்லா இருக்கு. கருப்பை மட்டும் உருவாகல. மாதவிடாய் வராது. பிள்ளை சுமக்க முடியாது. மத்தபடி அவ படிக்கலாம், வேலைக்குப் போலாம், கல்யாணம் பண்ணலாம். சில விஷயத்துக்குப் பின்னால வைத்தியம் இருக்கு." பிறகு என்னைப் பார்த்து, "அவகிட்ட சொல்லிருங்க சார். தள்ளிப் போடாதீங்க. அவ உடம்பு அது" என்றார்.

பிரமு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "நான் உண்டாயிருந்தப்ப ஏதும் சாப்பிட்டிருப்பேனா?"

இல்லவே இல்லை என்றார் டாக்டர். பிரமு அதை நம்பவில்லை. நம்பாத முகம் எனக்குத் தெரியும்.

ஆட்டோவில் வரும்போது, விஜியிடம் இன்றைக்கே சொல்லிவிடலாம் என்றேன். பிரமு என் கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது. "வேண்டாம். காதுல விழுந்துட்டா அப்புறம் எடுக்க முடியுமா? ஏதாவது செஞ்சுக்கிட்டான்னா? நீங்க மாட்டுக்குச் சொல்லுத மாதிரி எம் பிள்ளைக்கும் சொல்லிராதீங்க."

வீடு வரும்வரை அவள் அந்தப் பிடியை விடவில்லை.

விஜியிடம், கருப்பையில் லேசாக நீர் கட்டியிருக்கிறது, மாத்திரை சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று சொன்னேன். நான்தான் சொன்னேன். பிரமு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஜூலை 4 – வெள்ளி

பள்ளிக்குப் போகாமல் இருந்திருக்கலாம்.

பேச்சி கையைத் தூக்கவில்லை, நேராக எழுந்தாள். "சார், எங்க கிடேரி சினை நிக்காதுன்னு சொன்னீங்கல்லா. அது என்ன தப்பு செஞ்சிச்சு?"

"ஒரு தப்பும் செய்யலம்மா. பிறவியிலயே அப்படி."

"அப்ப ஏன் அனுப்பச் சொன்னீங்க?"

எலிசபெத் டீச்சர் கதவருகே நின்றிருந்தார். மலைப்பக்கம் மேய்ச்சலுக்கு அனுப்பியிருப்பார்கள், அங்கே நன்றாக இருக்கும் என்றேன்.

"பொய்" என்றாள். "லாரில ஏத்துனத நான் பாத்தேன். அது ஏற மாட்டேன்னு காலை ஊணிக்கிட்டு நின்னுச்சு."

இரண்டு வருஷமாக இந்தப் பிள்ளைகளிடம் ஒரு பொய் சொன்னதில்லை. நாய்கள் ஏன் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன என்று கேட்டபோதுகூட.

ஜூலை 15

"அப்பா, இது இரும்புச் சத்து மாத்திரைல்லா? ஸ்கூல்ல குடுப்பாங்களே." அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள் விஜி.

அதுவும் வேண்டும், கூட வேறொன்று பிறகு தருவார்கள் என்றேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தாள். எனக்கு முன்னாலேயே, நான் பார்க்கும்படி.

ஜூலை 29

விஜி என்னிடம் எதையும் கேட்பதில்லை. எப்போதிலிருந்து என்று தெரியவில்லை. இன்றைக்குத்தான் உறைத்தது. "சாப்பிட்டீங்களாப்பா", அவ்வளவுதான். பாம்பு கடித்த ஆட்டைக் காப்பாற்றினேன் என்று நானாகச் சொன்னேன். "சரிப்பா" என்றாள். எந்தப் பாம்பு என்றுகூடக் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 2

ஆடிப்பெருக்குக்கு ஒருநாள் முன்னாலேயே பிரமு அவளைப் பாபநாசம் கூட்டிப்போய் ஆற்றில் முங்கவைத்துக் கூட்டிவந்தாள். செவ்வாய்க்கிழமை விரதம் வேறு. டாக்டர் சொன்னதைக் காதால் கேட்டவள்தான். நான் கோபப்பட்டேன். "உங்க படிப்புல வழி இருக்கா? இல்லல்லா? அப்ப என்னைய விடுங்க" என்றாள்.



ஆகஸ்ட் 10 – ஞாயிறு

இன்று பிரமு சொன்னதை எழுதக் கை வரவில்லை.

சடங்கு வைத்துவிடலாம் என்கிறாள். பெரியவளாகிவிட்டாள் என்று அண்ணனுக்குச் சொல்லி, உளுந்தங்களி கிண்டி, மண்டபம் பிடித்து, ஊருக்குப் பத்திரிகை வைத்து. "யாருக்குத் தெரியப் போவுது? வீட்டுக்கு வாறவ போறவ எல்லாம் கேக்குதா. எங்க பாங்க்ல பக்கத்து சீட்டுக்காரி கேக்குதா. எங்கண்ணி போன் போட்டு, வேற ஏதும் கொறை இருக்கான்னு கேக்குதா. ஒரு நாள் கூத்து. அப்புறம் எல்லா வாயும் அடைஞ்சு போவும்."

"விஜி?"

"அவளுக்கு நீங்க சொல்லணும். எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லுத ஆளு நீங்கதான."

சொல்லிவிட்டு அழுதாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இவள் இப்படி அழுது நான் பார்த்ததில்லை. என்ன செய்யட்டும்? ஒருத்திக்கு உண்மை வேண்டும், ஒருத்திக்குப் பொய் வேண்டும். இரண்டையும் நான்தான் கொடுக்க வேண்டும். ஏன் நான்? – நான் இல்லாமல் வேறு யார்?

ஆகஸ்ட் 17

மொட்டை மாடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. துணிகளை மடித்துக்கொண்டே இருந்தாள்.

நான் ஆரம்பிக்கத் தெரியாமல் ஆரம்பித்தேன். ஸ்கேனில், அன்றைக்கு, டாக்டர் என்ன சொன்னார் என்றால்...

"அந்தக் கிடேரிக்கு இருந்ததுதானப்பா எனக்கும்?"

உனக்கு யார் சொன்னது என்று கேட்டேன்.

"ஸ்கேன் எடுத்த அக்கா என்ன படிக்க, எந்த ஸ்கூல்னு பேசிக்கிட்டே இருந்தா. திடீர்னு பேச்ச நிறுத்திட்டா. திரும்பத் திரும்ப அங்கனயே வச்சு அமுக்குனா. அப்புறம் அம்மாட்ட, சார் கூட வந்திருக்காங்களான்னு கேட்டா. நீங்க இரும்பு மாத்திரை குடுத்தீங்க. எனக்குக் கணக்குப் போடத் தெரியாதாப்பா?"

ஆமாம் என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். கருவில் இரண்டு குழாய்கள் சேர்ந்து கருப்பையாவது, அவளுக்கு அது நடக்காமல் நின்றுபோனது, எல்லாம். ஒன்றும் விடாமல் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். சட்டைகளைத் தனியாக, பாவாடைகளைத் தனியாக அடுக்கினாள்.

"அத என்ன செஞ்சாங்க, அந்தக் கிடேரிய?"

அடிமாட்டுக்குப் போயிற்று. சொன்னேன்.

"ம்."

பிறகு சடங்கைப் பற்றியும் சொன்னேன். முடியாது என்று அவள் சொல்ல வேண்டுமென்று நினைத்தேன். அவள் சொல்லிவிட்டால் நான் சொல்ல வேண்டியதில்லை அல்லவா? எவ்வளவு கேவலமான நினைப்பு.

"அம்மாவுக்கு வேணும்னா வைங்க" என்றாள். துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினாள். பாதியில் நின்று, திரும்பாமலே கேட்டாள்: "கேட்டது எல்லாத்துக்கும் அன்னன்னைக்கே பதில் சொல்லுவீங்கல்லாப்பா. இதுக்கு மட்டும் ஏம்ப்பா?"

ஆகஸ்ட் 24

உளுந்தங்களி. நல்லெண்ணெயைக் குழியில் ஊற்றிப் பிரமு கொடுக்க, விஜி ஒரு வாய் விடாமல் தின்றாள். தனியறை, தனித்தட்டு, எல்லாம் முறைப்படி. பக்கத்து வீட்டிலிருந்து பெண்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பிரமுவின் முகத்தில் ஒரு வெளிச்சம். நடிப்பு என்றே மறந்துபோனாளோ?

செப்டம்பர் 4

நடந்து முடிந்தது.

மண்டப வாசலில் ஆளுயர பேனரில் விஜி சிரித்துக்கொண்டிருந்தாள். மைத்துனர் மேளதாளத்தோடு சீர்வரிசை கொண்டுவந்து இறக்கினார். கண் கலங்கி, "எந் தங்கச்சி மக" என்று அவளுக்கு மாலை போட்டார். நல்ல மனுஷன். அவர் கலங்கியதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

விஜி பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தாள். போட்டோக்காரன் திரும்பச் சொன்ன பக்கம் திரும்பினாள், சிரிக்கச் சொன்னபோது சிரித்தாள். ஆரத்தித் தட்டோடு வந்த ஒவ்வொருத்தியும் காதோரம் ஏதோ சொன்னாள். அடுத்த வருஷமே கல்யாணம், அதற்கடுத்த வருஷமே பிள்ளை – வேறென்ன சொல்லியிருப்பார்கள். தலையாட்டினாள்.

நான் பந்தியில் சொதி ஊற்றினேன்.

செப்டம்பர் 5

மாலையைக் கழற்றி அவளே குப்பைத் தொட்டியில் போட்டிருக்கிறாள்.

செப்டம்பர் 19 – வெள்ளி

எலிசபெத் டீச்சரிடம் இனி வர முடியாது என்று சொல்லிவிட்டேன். கோமாரித் தடுப்பூசி முகாம், வேலை அதிகம் என்றேன். "பிள்ளைங்க காத்துக்கிட்டு இருக்கும் சார்" என்றார். அவருக்கு ஏதோ புரிந்திருக்கிறது, தோண்டிக் கேட்கவில்லை. திரும்பும்போது வகுப்புச் சன்னலில் பேச்சி நின்றிருந்தாள். நான் வண்டியை வேகமாக எடுத்தேன்.

அக்டோபர் 20

தீபாவளி. விஜி புதுத்துணி உடுத்தவில்லை. யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

நவம்பர் 9 – ஞாயிறு

பொய்க்கு வட்டி வந்துவிட்டது.

மைத்துனரும் அவர் வீட்டம்மாவும் பூ, பழம், வெற்றிலை பாக்கோடு வந்து இறங்கினார்கள். உட்கார்ந்ததும் அவர் சொன்னார்: "அதான் சடங்கு முடிஞ்சாச்சுல்லா மாப்ளே. பய படிப்ப முடிக்க ரெண்டு வருசம் ஆவும். ஆவட்டும். வாய்ப்பேச்சா இப்பமே பேசி வச்சிருவோம். சொந்தம் விட்டுப் போவக் கூடாது."

பிரமு என்னைப் பார்த்தாள். அவள் கண் கெஞ்சியது. இப்போதும் ஏதாவது சொல்லித் தள்ளிப்போடுங்கள், படிக்கட்டும் என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்லியிருக்கலாம். ஆனால் அடுத்த வருஷம் வருவார், அதற்கடுத்த வருஷம் வருவார்.

"மச்சான், அவளுக்குப் பிறவியிலயே கருப்பை கிடையாது" என்றேன்.

அவர் சிரித்தார். வேடிக்கை என்று நினைத்திருக்கிறார். பிறகு பிரமுவைப் பார்த்தார். சிரிப்பு இறங்கியது. "அப்ப சடங்கு?"

"பொய்."

"நான் தூக்கிக்கிட்டு வந்த சீரு?"

அவர் வீட்டம்மா தலையில் அடித்துக்கொண்டார். "மலடிய சோடிச்சு உக்கார வச்சு ஊரக் கூட்டுனீங்களா? எம் புள்ள தலையில கட்டத்தான இத்தன கூத்தும்?" பிரமு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்போது விஜி வெளியே வந்தாள். சத்தம் போடவில்லை. வகுப்பில் பாடம் ஒப்பிப்பது போலத்தான் பேசினாள், கை மட்டும் கதவு நிலையைப் பிடித்திருந்தது.

"மலடு வேற, இது வேற அத்தை. எனக்குக் கருப்பை உருவாகல, அவ்வளவுதான். யாரும் செஞ்சதில்ல. சடங்குக்கு நானும் சரின்னுதான் சொன்னேன், அம்மாவ மட்டும் ஏசாதீங்க. மாமா, உங்க சீர் எல்லாம் அப்படியே இருக்கு. எடுத்துட்டுப் போங்க."

மைத்துனர் எழுந்தார். காபியைத் தொடவில்லை. அவளைத் தாண்டிப் போகும்போது ஒரு கணம் நின்றார். தலையைத் தொடுவாரோ என்று நினைத்தேன். தொடவில்லை. செருப்பைக்கூடச் சரியாகப் போடாமல் இறங்கிப் போனார்.

நவம்பர் 10

பிரமு என்னோடு பேசவில்லை. வங்கிக்கும் போகவில்லை.

நவம்பர் 14

சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. போன் அடிக்கிறது, எடுத்தால் துக்கம் விசாரிக்கிற குரல். ஒருத்தர் கேரளாவில் வைத்தியர் இருக்கிறார் என்றார். ஒருத்தர் குலதெய்வக் குற்றம் என்றார். விஜி பள்ளியிலிருந்து முகம் வீங்கி வந்தாள். என்ன நடந்தது என்று கேட்டேன். "ஒண்ணுமில்லப்பா." எனக்குத் தெரிய வேண்டியது என்று ஒன்றை அவள் இனி என்னிடம் சொல்லமாட்டாள். நான் அவளுக்குச் செய்ததுதான்.

நவம்பர் 17

மாடு ஈனமுடியாமல் கிடக்கிறது என்று கூப்பிட்டார்கள். போய்க் கன்றை எடுத்தேன். உயிரோடு வந்தது. வீட்டுக்காரர்கள் கைகூப்பினார்கள். கையைக் கழுவிக்கொண்டே அழுதேன். தண்ணீர் ஊற்றிய அம்மாள், "வேர்வையா சாமி?" என்றாள். ஆமாம் என்றேன்.

நவம்பர் 23

பிரமு பேசினாள். "அவளா வந்து எங்கிட்ட கேட்டா, அந்த டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போங்கன்னு." நானும் வரட்டுமா என்றேன். உப்பை எடுத்துக் குழம்பில் போட்டாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

நவம்பர் 29 – சனி

மழை. டாக்டர் ஞானசௌந்தரியின் கிளினிக்கில் நல்ல கூட்டம். வயிறு தள்ளிய பெண்கள், கைக்குழந்தைக்காரிகள். அவர்களுக்கு நடுவில் நாங்கள் மூன்று பேர். விஜி யாரையும் பார்க்காமல் இல்லை, எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

பெயரைக் கூப்பிட்டார்கள். நானும் எழுந்தேன். பிரமுவும் எழுந்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் இங்கன இருங்க. நான் கேட்டுக்கிடுதேன்" என்றாள் விஜி.

"எனக்குத் தெரிஞ்சதுதான விஜி, நான் கூட வந்து..."

"வேண்டாம்ப்பா."

கதவைச் சாத்திக்கொண்டாள். நாங்கள் உட்கார்ந்தோம். பிரமு என்னைப் பார்க்கவில்லை. ஆனால் தள்ளியும் உட்காரவில்லை.

உள்ளேயிருந்து விஜியின் குரல் கேட்டது. வார்த்தை பிடிபடவில்லை. கேள்வியாக முடிவில் மேலே ஏறும் குரல், பிறகு டாக்டரின் குரல், திரும்பவும் விஜி. கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. அழுகிறாள் என்று நினைத்து எழப்போனேன். பிரமு என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். மறுபடி அந்தக் குரல். மேலே ஏறியது.

ரொம்ப நேரம் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தாள். அடுத்த டோக்கன்காரர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள்.